நீயே போட்டுப் பார்: புதிதாக டியூஷன் எடுக்க வருகிறவர்களுக்கு

இந்த ஆண்டு டியூஷன் எடுக்கத் தொடங்கியிருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். உங்களில் பலர் பி.எஸ்சி., பி.எட். முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருப்பவர்கள். சிலர் 2021-இல் வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராகச் சேர்ந்து, மாலையில் தெருப் பிள்ளைகளை உட்காரவைத்துப் பழகி, அதிலேயே மனம் ஒட்டிப்போனவர்கள். கல்யாணமாகி வந்த ஊரில், வீட்டு மாடியில் நாலு பிள்ளைகளோடு ஆரம்பித்திருக்கும் பெண்களும் இருக்கிறீர்கள். நானும் மன்னார்குடியில் அப்படித்தான் ஆரம்பித்தேன். கணக்கும் அறிவியலும் சொல்லித்தருகிறேன். தலை நரைத்த பிறகும் சாயங்காலம் ஐந்து மணியானால் பாயை விரித்துவிடுகிறேன்.

2017-18-இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், நம் நாட்டில் படிக்கும் பிள்ளைகளில் ஐந்தில் ஒருவர் தனிப்பயிற்சிக்குப் போவதாகத் தெரிந்தது. 2025-இல் எடுத்த கணக்கெடுப்பில் அது நான்கில் ஒருவருக்கும் மேலே போய்விட்டது. இந்தக் கூட்டத்தைப் பார்த்து எனக்குப் பயமில்லை. நல்ல பள்ளியில் படிக்கும் கெட்டிக்காரப் பிள்ளைகூட என்னிடம் வந்து, “டியூஷன்ல சொல்லிக்கொடுத்தாத்தான் மிஸ் எனக்குப் புரியும்” என்று சொல்கிறதே, அந்தப் பேச்சுதான் என்னைக் கலங்கடிக்கிறது. ஆறாம் வகுப்பில் அப்படிச் சொல்லத் தொடங்கும் பிள்ளை, கல்லூரியில் தனியாக ஒரு புத்தகத்தைத் திறக்கத் தயங்குகிறது. நம்மிடம் வந்த பிறகு ஒரு பிள்ளைக்குத் தன் படிப்பின் மேல் நம்பிக்கை கூடியதா குறைந்ததா என்பதை வைத்துத்தான் நம் வேலையை நான் எடைபோடுவேன். மார்க் அதற்குப் பிறகுதான்.

1. முதல் வாரம் பாடம் நடத்தாதீர்கள். பிள்ளை கணக்குப் போடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்று, காரணிப்படுத்தல் வரவில்லை என்று வந்து நிற்கும். பெருக்கினால் 6, கூட்டினால் −5 வரும் இரண்டு எண்களைக் கேளுங்கள். −6, 1 என்று எழுதும். கூட்டல் சரியாகத்தான் வருகிறது. பெருக்கினால் −6 வரும் என்பது அதன் கண்ணில் படவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பு இயற்கணிதத்தை மறுபடி மறுபடி நடத்திப் பயனில்லை. அது தடுக்கி நிற்பது ஏழாம் வகுப்பு முழுக்களில், மைனஸும் மைனஸும் பெருக்கும் இடத்தில். அங்கே அழைத்துக்கொண்டு போய் இரண்டு மாலை செலவழித்தால் இங்கே தானாகக் கதவு திறக்கும்.

பிள்ளைகளின் தப்புக்கு எப்போதும் ஒரு நியாயம் இருக்கும். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டி 2/5 என்று எழுதுகிற பிள்ளை சோம்பேறி இல்லை. மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டுவது அதற்கு ஒழுங்காகப் படுகிறது. “தப்பு” என்று அடித்துவிட்டுச் சரியான முறையை நீங்கள் எழுதிக்காட்டினால், அது முறையை எழுதிக்கொள்ளும். தன் மூளையை நம்பக் கூடாது என்பதையும் சேர்த்துக் கற்றுக்கொள்ளும். அதற்குப் பதில், “2/5 பெரிசா, அரை பெரிசா?” என்று கேளுங்கள். அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு அரையைவிடக் குறைந்துபோகுமா என்று அதுவே விழிக்கும். ஏ பிளஸ் பி ஹோல் ஸ்கொயர் என்றால் ஏ ஸ்கொயர் பிளஸ் பி ஸ்கொயர் என்று எழுதுகிற பிள்ளையிடம், ஏ-க்கு 3, பி-க்கு 4 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் 49, இன்னொரு பக்கம் 25. இனி எந்தச் சூத்திரத்தில் சந்தேகம் வந்தாலும் எண்ணைப் போட்டுச் சோதிக்கலாம் என்று அதற்குத் தெரிந்துவிடும். விடை சரியா என்று பார்க்க உங்கள் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து குறையத் தொடங்கும்.

2. “புரிஞ்சுதா?” என்று கேட்காதீர்கள்.

நூறு பிள்ளைகளைக் கேட்டால் நூறு பிள்ளைகளும் “புரிஞ்சுது மிஸ்” என்றுதான் சொல்லும். அது பொய்யும் இல்லை. நீங்கள் போர்டில் அழகாகப் போட்டுக்காட்டும்போது ஒவ்வொரு வரியும் அவர்களுக்குப் புரிகிறது. வீட்டுக்குப் போய்ப் பேனாவை எடுத்தால் முதல் வரியே வராது. “டியூஷன்ல புரிஞ்சுது, வீட்டுல வரல” என்று மறுநாள் வந்து சொல்லும்போது, தனக்கு ஞாபகசக்தி இல்லை என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்கிறது. டியூஷனில் அதற்குப் புரிந்தது உங்கள் வேலை. தன் வேலையை அது இன்னும் செய்து பார்க்கவே இல்லை.

2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு குழு ஒரு பாடத்தை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவுக்கு வந்ததையெல்லாம் எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது நான்கு முறை படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது அவர்கள் நினைவில் இருந்தது ஏறக்குறைய 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு ஏறக்குறைய 61 விழுக்காடு. இதில் நமக்கு முக்கியமான செய்தி ஒன்று உண்டு. எனக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்பப் படித்த குழுதான். படிக்கப் படிக்கப் பழகிப்போகிறது. பழகிப்போனதைத் தெரிந்துவிட்டதாக மனசு எடுத்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கையோடு பரீட்சை ஹாலுக்குள் போகும் பிள்ளைதான் “எல்லாம் படிச்சேன் மிஸ், மறந்துபோச்சு” என்று அழுதுகொண்டு வெளியே வருகிறது.

ஆகையால் ஒரு கணக்கை நடத்தி முடித்ததும் போர்டை அழித்துவிடுங்கள். நோட்டை மூடச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் அதே கணக்கைப் பிள்ளை போடட்டும். மறுநாள் வந்ததும், புதுப்பாடத்துக்கு முன்னால், நேற்று நடந்ததை ஒரு சின்னத் தாளில் எழுதச் சொல்லுங்கள். மார்க் வேண்டாம். முதல் பத்து நாள் பிள்ளைகள் முனகும், பெற்றோரும் “எப்பப் பார்த்தாலும் டெஸ்டா?” என்பார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

3. கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க அறிவியல் கல்வியாளர் வகுப்பறைகளில் பதிவுசெய்து கேட்டுப்பார்த்து 1974-இல் எழுதியது இது. ஆசிரியர்கள் ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடியாக நீட்டினாலே பிள்ளைகளின் பதில் நீள்கிறது, “தெரியாது” குறைகிறது, கேட்காமலே பேசும் பிள்ளைகள் கூடுகிறார்கள். டியூஷனில் நமக்கு மூன்று நொடி என்ன, முப்பது நொடிகூட இருக்கிறது. அடுத்த பீரியட் மணி அடிக்கப் போவதில்லை. ஆனாலும் பிள்ளை பேனாவை நிறுத்திய மறுகணம் நம் வாய் திறந்துவிடுகிறது. வாங்குகிற காசுக்கு ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நமக்கு ஒரு கூச்சம்.

அந்தக் கூச்சத்தை விடுங்கள். 2001-இல் பிட்ஸ்பர்க்கில் மிச்சலின் சீயும் அவருடைய குழுவும் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரத்த ஓட்ட மண்டலத்தைத் தனிப்பயிற்சியில் சொல்லித்தர ஏற்பாடு செய்தார்கள். முதல் சுற்றில் பயிற்றுநர்கள் வழக்கம்போல விளக்கினார்கள். இரண்டாவது சுற்றில், விளக்கக் கூடாது, பிள்ளையைப் பேசத் தூண்டும் கேள்விகளை மட்டும் கேட்க வேண்டும் என்று கட்டுப்பாடு. இரண்டு சுற்றிலும் மாணவர்கள் ஒரே அளவு கற்றிருந்தார்கள். நாம் தொண்டை வலிக்க விளக்குவதில் எவ்வளவு நம் மனநிம்மதிக்காக என்று யோசித்துப் பாருங்கள்.

4. உதவியை ஒரே மூச்சில் கொட்டாதீர்கள்.

பிள்ளை திணறும்போது பேசாமல் பார்த்துக்கொண்டிருக்க நான் சொல்லவில்லை. அழுகை முட்டும் அளவுக்கு விட்டுவிட்டால் அதுவும் நம்பிக்கையைத் தின்றுவிடும். உதவிக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முக்கோணவியலில் ஒரு கணக்கு: கோபுரத்தின் அடியிலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்று பார்த்தால் உச்சியின் ஏற்றக்கோணம் 30 டிகிரி, உயரம் என்ன? பிள்ளை முழிக்கிறது. முதல் உதவி: “கேள்வியை இன்னொரு தடவை வாசி, என்ன கேட்டிருக்கான்?” பாதிப் பிள்ளைகள் இங்கேயே கிளம்பிவிடும். கிளம்பாவிட்டால்: “படம் போடு.” அடுத்து: “படத்துல எது தெரியும், எது தெரியாது?” அதற்கும் அடுத்து: “எதிர்ப்பக்கமும் அடுத்த பக்கமும் சேர்ந்து வர்ற விகிதம் எது?” இதற்கு மேல்தான் நீங்கள் பேனாவைத் தொட வேண்டும். அதுவும் வேறு எண்களை வைத்து வேறொரு கணக்கில். இந்தக் கணக்கு அந்தப் பிள்ளையுடையது, அதை நீங்கள் போட்டுவிடாதீர்கள்.

எந்தப் படியில் உதவி நின்றது என்று நோட்டின் ஓரத்தில் ஓர் எண்ணைக் குறித்துவையுங்கள். நான்காம் உதவி வரை கேட்ட பிள்ளை, அடுத்த மாதம் இரண்டாவதிலேயே கிளம்பும். அதை அதனிடம் காட்டுங்கள். அந்தப் படிகளைச் சில மாதங்களில் பிள்ளைகள் தாமாகவே முணுமுணுக்கத் தொடங்குவார்கள். ஜார்ஜ் போல்யா என்ற கணித மேதை 1945-இல் கணக்குகளை எப்படித் தீர்ப்பது என்றே ஒரு புத்தகம் எழுதினார். அதில் ஆசிரியர் கேட்கும் கேள்விகளை மாணவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளப் பழக வேண்டும் என்பதுதான் அவருடைய நோக்கம். கிடைத்தால் வாங்கிப் படியுங்கள்.

விடை வந்த பிறகு ஒரு வேலை பாக்கி இருக்கிறது. மேலே சொன்ன கணக்குக்கு 30 பெருக்கல் ரூட் 3, அதாவது கிட்டத்தட்ட 52 மீட்டர் என்று பிள்ளை எழுதிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். “கோணம் 45-ஐவிடக் கம்மி. அப்படின்னா உயரம் தூரத்தைவிடக் கூடவா, கம்மியா?” கம்மிதான். அப்போது 52 எப்படி வரும்? வகுக்க வேண்டிய இடத்தில் பெருக்கிவிட்டோம் என்று தேடிக் கண்டுபிடித்து 17.32-க்கு வந்து சேரும். தன் தப்பைத் தானே பிடித்த பிள்ளையின் குரல் மாறும். கேட்டுப் பாருங்கள்.

5. “உன்னால முடியும்” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள்.

ஆல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977-இல், ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை மனிதனுக்கு எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்து நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைக் கண்ணால் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கவார்த்தை, தன் உடம்பின் படபடப்பையும் நிதானத்தையும் தான் எப்படி எடுத்துக்கொள்கிறோம் என்பது. இவற்றில் மிகப் பலமானது முதலாவது. வார்த்தை அதற்குப் பக்கத்தில் வராது. தினமும் தோற்றுக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் உன்னால் முடியும் என்று நூறு முறை சொன்னாலும், அது நம்மை நல்ல மனசுக்காரர் என்று நினைக்குமே தவிர, தன்னை நம்பாது.

ஜூன் மாதம் பிள்ளை எழுதிய முதல் தாளைப் பத்திரப்படுத்துங்கள். தப்பும் அடித்தலும் அப்படியே இருக்கட்டும், தேதி போட்டு வையுங்கள். காலாண்டு முடிந்து முகம் வாடி வரும் நாளில் அதை எடுத்துக் கையில் கொடுங்கள். “இது யார் எழுதினது?” என்று சிரிக்கும். நீங்கள் பேசவே வேண்டாம். பாராட்ட வேண்டுமென்றால் செய்ததைப் பெயர் சொல்லிப் பாராட்டுங்கள்: “படம் போட்டுட்டு ஆரம்பிச்ச பாரு, அது நல்லா இருந்தது.” புத்திசாலி என்ற பட்டம் வேண்டாம். அந்தப் பட்டம் வாங்கிய பிள்ளை, அதைக் காப்பாற்றிக்கொள்ளக் கஷ்டமான கணக்கைத் தொடாமல் ஒதுங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

6. சிவப்பு மை குறைவாக இருக்கட்டும், எழுத்து கூடுதலாக இருக்கட்டும்.

ரூத் பட்லர் இஸ்ரேலில் ஐந்து, ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வு 1988-இல் வெளிவந்தது. சிலருக்கு மார்க் மட்டும், சிலருக்குக் குறிப்பு மட்டும், சிலருக்கு இரண்டும் கொடுத்தார். குறிப்பு மட்டும் பெற்றவர்கள் முன்னேறினார்கள். இரண்டையும் பெற்றவர்களோ மார்க் மட்டும் பெற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். மார்க்கைப் பார்த்ததும் மற்றது கண்ணில் படுவதில்லை. பள்ளியில் மார்க் கிடைக்கத்தான் போகிறது. நம்மிடமாவது “இந்தப் பக்கத்துல மூணு இடத்துல குறி மாறியிருக்கு, கண்டுபிடி” என்று எழுதிக் கொடுங்கள்.

பொதுத்தேர்வில் மாநில ரேங்க் அறிவிப்பதைத் தமிழக அரசு 2017-இலேயே நிறுத்திவிட்டது. நம் டியூஷன் வாசலில் மட்டும் இன்னும் ஃபிளெக்ஸ் வேண்டாம். அதில் முகம் வராத பிள்ளைகள்தான் தினமும் அதைக் கடந்து உள்ளே வருகிறார்கள்.

7. கைடும் மெட்டீரியலும் எப்போது என்று தெரிந்து கொடுங்கள்.

பத்தாம் வகுப்புக் கணிதத் தாளில் ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, எட்டு மார்க் 2. மொத்தம் 100, தேர்ச்சிக்கு 35. செய்முறை வடிவியலும் வரைபடமும் சேர்ந்தே 16 தந்துவிடும். புத்தகத்தின் ஒரு மார்க் வினாக்களைக் கரைத்துக் குடித்தால் இன்னும் பத்துப் பன்னிரண்டு. இந்த வழியை நான் இழிவாகப் பேச மாட்டேன். பிப்ரவரியில், பெயிலாகிவிடுவோமோ என்ற நடுக்கத்தில் வரும் பிள்ளைக்கு முதலில் 35-ஐக் காட்டுங்கள். தேர்ச்சி பெற்ற பிள்ளைக்குத்தான் அடுத்த வாசல் திறக்கும். பெயிலான வெட்கத்தில் வேலைக்குப் போய்விட்ட பையன்களை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன்.

ஆனால் ஜூன் மாதமே, தேர்ச்சிக்கு மட்டும் போதுமான மினிமம் மெட்டீரியலைக் கையில் கொடுப்பது, “உனக்கு இவ்வளவுதான்” என்று பிள்ளையின் நெற்றியில் எழுதுவது. அதைச் செய்யாதீர்கள். அதே கணிதத் தாளில் 28-ஆவது, 42-ஆவது கேள்விகள் கட்டாய வினாக்கள்; வேறொன்றைத் தேர்ந்தெடுக்க வழியில்லை. புத்தகத்துக் கணக்கு அப்படியே வரும் என்று அங்கே நம்பிக்கொண்டிருக்கவும் முடியாது. பார்த்தே இராத கணக்கைப் பார்த்துக் கையை ஓடவிடும் தைரியம் ஜூன் முதல் டிசம்பர் வரை வளர வேண்டியது. வாரத்துக்கு ஒரு கணக்காவது எந்தக் கைடிலும் இல்லாததைக் கொடுங்கள். விடை வராவிட்டாலும் பரவாயில்லை, எவ்வளவு தூரம் போனார்கள் என்று பாருங்கள்.

8. பள்ளிக்கு முன்னால் ஓடாதீர்கள், பள்ளி ஆசிரியரைக் குறைத்துப் பேசாதீர்கள்.

நாம் முன்கூட்டியே நடத்திவிட்டால், வகுப்பில் பிள்ளை “இது தெரிஞ்சதுதானே” என்று ஜன்னலைப் பார்க்கும். நாம் பின்னால் நடத்துவதாகச் சொல்லிவிட்டாலும் “டியூஷன்ல பார்த்துக்கலாம்” என்று அதே ஜன்னலைத்தான் பார்க்கும். இதற்கு ஒரே மருந்து: வந்ததும் “இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு, எனக்குச் சொல்லு” என்று கேட்பது. சொல்ல வேண்டியிருக்கும் என்று தெரிந்தால் கவனிக்கும். வகுப்பில் புரியாததை அந்த ஆசிரியரிடமே கேட்கச் சொல்லி அனுப்புங்கள். கை தூக்கிச் சந்தேகம் கேட்கும் துணிச்சல் நாம் தரக்கூடிய பெரிய சொத்து.

9. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுக்கட்டும்.

எங்கள் மாடியில் ஆறாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஒரே பாயில்தான் உட்காரும். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஆறாம் வகுப்புப் பையனுக்குப் பின்னம் சொல்லித்தருவாள். நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் சட்டாம்பிள்ளை செய்த வேலைதான். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை 1789-இல் ஏற்ற ஆண்ட்ரு பெல், பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, 1797-இல் இலண்டனில் அதைப் பற்றிப் புத்தகம் போட்டார். இங்கிலாந்தில் அதற்கு மதராஸ் முறை என்றே பெயர் வந்தது. மணலில் விரலால் எழுதிப் பழகிய நம் ஊர்ப் பிள்ளைகளைப் பார்த்து அவர் எடுத்துக்கொண்டதும் அதில் உண்டு.

இதில் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். எப்போதும் ஒரே பிள்ளையே சொல்லித்தருகிறவளாகவும் ஒரே பிள்ளையே கேட்கிறவனாகவும் ஆகிவிடக் கூடாது. கணக்கில் பின்தங்கிய பையன் தாவரவியலில் கில்லாடியாக இருப்பான். அவனுக்கும் ஒரு நாள் சாக்பீஸ் கொடுங்கள். தன்னைப் போலவே திணறிய ஒருவன் எழுந்து நின்று சொல்வதைப் பார்க்கும் பிள்ளைக்கு, முதல் மார்க் வாங்குகிறவனைப் பார்ப்பதைவிடத் தெம்பு வரும்.

10. போனில் போட்டோ எடுத்தால் விடை வந்துவிடுகிற காலம் இது. தடுக்க முடியாது, தடுக்கவும் வேண்டாம். முதலில் தாளில் தன் முயற்சி, பிறகு போன் என்ற வரிசையை மட்டும் பிடிவாதமாகக் காப்பாற்றுங்கள். போன் காட்டிய வழியில் எந்த வரி தன் வரியிலிருந்து வேறு, ஏன் என்று பிள்ளை உங்களிடம் சொல்ல வேண்டும்.

11. பரீட்சைப் பயத்தைப் பரீட்சைக்கு முன்பே பழக்குங்கள்.

உள்ளங்கை வியர்ப்பதையும் வயிறு பிசைவதையும் “எனக்கு எதுவும் தெரியாது” என்பதற்கு அடையாளமாகப் பிள்ளைகள் எடுத்துக்கொள்கிறார்கள். எல்லாருக்கும் வியர்க்கும் என்று சொல்லுங்கள். ஜனவரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு, கைக்கடிகாரம் வைத்து, முழுத்தாள் எழுதவையுங்கள். பொதுத்தேர்வில் வினாத்தாளை வாசிக்க முதல் பத்து நிமிடம் உண்டு. அந்தப் பத்து நிமிடத்தில் தெரியாத கேள்விகளைத் தேடித் திகைக்காமல், நிச்சயமாகத் தெரிந்தவற்றை மனசுக்குள் வரிசைப்படுத்தப் பழக்குங்கள். முதல் அரைமணி அவற்றிலேயே ஓடினால் கை நடுக்கம் நின்றுவிடும்.

12. பெற்றோரிடம் பேசும் விதத்தைக் கற்றுக்கொள்ளுங்கள்.

“இன்னும் ஒரு மணி நேரம் கூட வச்சுக்குங்களேன் மிஸ், வீட்ல உக்கார மாட்டேங்குறான்” என்பார் ஓர் அம்மா. ஒப்புக்கொள்ளாதீர்கள். காலை எட்டு மணிக்குக் கிளம்பிய பிள்ளை இரவு ஒன்பதுக்கு வீடு திரும்பினால், தனியாக உட்கார்ந்து படிக்கப் பொழுது எங்கே இருக்கிறது? படித்ததெல்லாம் அதற்குள் ஊறுவது அந்தத் தனிப்பொழுதில்தான். “வீட்டில் ஒரு மணி நேரம் டி.வி.யை நிறுத்திக்கொடுங்கள், நான் வைத்துக்கொள்வதைவிட அது பெரிய உதவி” என்று பணிவாகச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகளை இருட்டுவதற்குள் அனுப்பிவிடுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர், தங்களால் ஒன்றும் முடியாது என்று ஒதுங்கி நிற்பார்கள். அவர்களைத்தான் நான் அதிகம் நம்புகிறேன். “ராத்திரி சாப்பிடும்போது, இன்னைக்கு என்ன படிச்சேன்னு எனக்குச் சொல்லு சாமின்னு கேளுங்க, உங்களுக்குப் புரியிற வரைக்கும் விடாதீங்க” என்று சொல்லி அனுப்புவேன். அப்பாவுக்கு ஒளிச்சேர்க்கையை விளக்கிப் புரியவைத்த பிள்ளைக்கு அந்தப் பாடம் மறக்காது. பிள்ளை எத்தனை மார்க் என்று பெற்றோர் கேட்டால், எதைத் தனியாகச் செய்கிறது, எதற்கு இன்னும் துணை வேண்டும் என்று பதில் சொல்லுங்கள். அதையும் பிள்ளை காதுபடச் சொல்லுங்கள். குறை இருந்தால் பிள்ளை இல்லாதபோது பேசுங்கள்.

ஃபீஸ் பேச்சு பிள்ளையிடம் வரவே கூடாது. “அம்மாகிட்ட ஞாபகப்படுத்து” என்ற ஒரு வார்த்தையோடு அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் படிப்பு முடிந்துவிட்டது. மற்ற பிள்ளைகளின் முன்னால் சொன்னால் அதோடு வருவதையே நிறுத்திவிடும். பெரியவர்களிடம் போனில் பேசிக்கொள்ளுங்கள். கொடுக்க முடியாத வீட்டுக்கு நீங்களே தவணையைத் தள்ளிப்போடுங்கள்.

13. சேர்க்கும் நாளிலேயே அனுப்பும் நாளையும் பேசுங்கள்.

இது உங்கள் வருமானத்தைத் தொடும் என்று தெரியும். எனக்கும் அந்தக் காசில்தான் அரிசி வந்தது. இருந்தாலும் சொல்கிறேன்: “ஒரு வருஷம் வரட்டும், அதுக்குள்ள தானா படிக்கப் பழக்கிடறேன்” என்று பெற்றோரிடம் முதல் நாளே சொல்லுங்கள். ஐந்து நாள் வரும் பிள்ளையைக் காலாண்டுக்குப் பிறகு மூன்று நாளாக்குங்கள். அரையாண்டுக்குப் பிறகு ஒரு நாள். வராத நாட்களில் என்ன படிப்பது என்ற திட்டத்தைப் பிள்ளையே எழுதிக் கொண்டுவரட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். முதல் திட்டம் அபத்தமாக இருக்கும், ஒரே நாளில் நாலு பாடம் போட்டிருக்கும். செய்து பார்த்துத் தோற்று, மறுவாரம் தானே திருத்தும்.

சில பிள்ளைகளுக்கு நாட்களைக் குறைத்ததும் பயம் வரும். சாக்குச் சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்கள். திருப்பி அனுப்பாதீர்கள், உள்ளே கூப்பிட்டுத் தண்ணீர் கொடுங்கள். சந்தேகம் எதுவானாலும், அதை முயன்று பார்த்த தாள் கையில் இருக்க வேண்டும் என்பது மட்டும் விதியாக இருக்கட்டும். தாள் இல்லாமல் வந்தால், ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் கொடுத்து ஓரமாக உட்காரவைத்து, “தெரிஞ்ச வரைக்கும் நீயே போட்டுப் பார், கால்மணி நேரத்துல வர்றேன்” என்று சொல்லிவிட்டு மற்ற பிள்ளைகளிடம் போங்கள். நீங்கள் திரும்பி வரும்போது பெரும்பாலான பிள்ளைகள் பாதிக் கணக்கைத் தாண்டியிருப்பார்கள். மீதிக்கு எந்தப் படியில் உதவி வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள்.